வலையமைப்பில் மூலங்களை எங்கே வைப்பது: இயற்பியல் தரும் கணக்கு

பத்தாயிரம் கணுக்கள் கொண்ட ஒரு வலையமைப்பு. ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் அலகு மின்சாரம் வேண்டும். எந்தக் கணுவிலும் மூலம் நிறுவலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவுசெலவு உண்டு. மூலம் இல்லாத கணு தனக்கு வேண்டியதைப் பக்கத்துக் கம்பிகள் வழியாக இழுத்துக்கொள்ளும். கம்பியில் ஓடும் ஓட்டத்தின் வர்க்கத்தில் பாதி, இழப்பாகக் கணக்கில் ஏறும். நிறுவுசெலவும் இழப்பும் சேர்ந்த மொத்தம் மிகக் குறைவாக இருக்க மூலங்களை எங்கெங்கே வைப்பது?

வைக்கலாமா வேண்டாமா என்று கணுவுக்கு இரண்டு வாய்ப்பு. எல்லாம் சேர்ந்தால் வாய்ப்புகளின் எண்ணிக்கை 3,011 இலக்கங்கள் கொண்ட ஒரு எண். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வழியில்லை. இந்த வகைப் பிரச்சினைகளை இயற்பியலாளர்கள் கையில் எடுத்தது 1983-இல் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி மூவரும் வெளியிட்ட அனீலிங் (உலோகத்தை மெல்லக் குளிரவைப்பதைப் போலத் தீர்வைத் தேடும் முறை) கட்டுரைக்குப் பிறகுதான். 2001-இல் மெஸாரும் பாரிசியும் ஸ்பின் கிளாஸ்கள் என்ற ஒழுங்கற்ற காந்தப் பொருள்களுக்கான கேவிட்டி முறையை (ஒரு கணுவை எடுத்துவிட்டதாகக் கொண்டு மீதியைக் கணக்கிடும் முறை), கணுவுக்குச் சில இணைப்புகளே உள்ள வலையமைப்புகளுக்கு ஏற்றபடி வகுத்தார்கள். மேலே சொன்ன மூலப் பிரச்சினையை அந்த முறையால் ஆராய்ந்தவர்கள் யுங், வோங் இருவரும்; அவர்களுடைய கட்டுரை 2010-இல் வந்தது.

கேவிட்டி முறைக்குப் போகும் முன் எளிய பாதியை முடித்துவிட வேண்டும். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாதிப் பயன் இங்கேயே இருக்கிறது என்பது என் கருத்து.

மூலங்களின் இடம் முடிவாகிவிட்டால் மீதி வெறும் நேரியல் சமன்பாடுதான். மூலக் கணுக்களின் அழுத்தத்தைப் பூஜ்யம் என்று வையுங்கள். மூலமில்லாத ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சமன்பாடு: தன் இணைப்புகளின் எண்ணிக்கையைத் தன் அழுத்தத்தால் பெருக்கி, பக்கத்துக் கணுக்களின் அழுத்தங்களைக் கழித்தால் 1 வர வேண்டும். தீர்வு கிடைத்ததும் அழுத்தங்களை எல்லாம் கூட்டிப் பாதியாக்கினால் அதுவே மொத்த இழப்பு. ஓட்டங்களைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டிய தேவையே இல்லை.

இந்த அழுத்தத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. எல்லாக் கணுக்களுக்கும் 3 இணைப்புகள் இருந்தால், ஒரு கணுவின் அழுத்தம் என்பது அங்கிருந்து திசை பாராமல் கிளம்பும் நடையன் முதல் மூலத்தை அடையச் சராசரியாக எடுக்கும் அடிகளில் மூன்றில் ஒரு பங்கு. சுற்றிலும் மூலங்கள் இருந்தால் ஒரே அடி, அழுத்தம் 1/3. பக்கத்தில் மூலமில்லாத இன்னொரு கணுவும் இருந்து, இருவரையும் சுற்றி மூலங்கள் இருந்தால் சராசரி 1.5 அடி, அழுத்தம் 1/2. எனவே மூலம் வைப்பது என்பது நடையர்கள் சீக்கிரம் தடுக்கி விழும்படி வைப்பது. இதிலிருந்து ஒரு முக்கிய முடிவு வருகிறது: மூலங்கள் ஏற ஏற, அடுத்து வைக்கும் மூலத்தின் பயன் குறைந்துகொண்டே போகும், கூடவே கூடாது. மூலங்களின் எண்ணிக்கை முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தால், முதல் மூலத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அதிகப் பயன் தரும் கணுவையே எடுக்கும் கிரீடி முறை, அங்கிருந்து எட்டக்கூடிய உச்சக் குறைப்பில் குறைந்தது 63 சதவீதத்தை எட்டும். நெம்ஹாசர், உல்சி, ஃபிஷர் 1978-இல் நிறுவிய தேற்றம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

அடுத்த மூலத்தின் பயனை நேரடியாகச் சொல்லும் சூத்திரமும் இருக்கிறது:

பயன் = அழுத்தத்தின் வர்க்கம் ÷ (2 × மின்தடை)

மின்தடை என்பது, இருக்கிற மூலங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டிவிட்டு, அந்தப் புள்ளிக்கும் இந்தக் கணுவுக்கும் இடையே அளப்பது. சோதித்துப் பாருங்கள். மேலே சொன்ன ஜோடியில் அழுத்தம் 1/2, மின்தடை 3/8, ஆகவே பயன் 1/3. நேரடியாகக் கணக்கிட்டாலும் அதேதான்: ஜோடியின் இழப்பு 1/2, ஒன்றை மூலமாக்கினால் மிஞ்சும் இழப்பு 1/6. அழுத்தம் மட்டும் அதிகமாக இருக்கும் இடத்தில் மூலம் வைப்பது பரவலான பழக்கம். அது தவறான இடத்தைக் காட்டும். நீண்ட ஒற்றைக் கம்பியின் நுனியில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். மின்தடையும் அங்கே அதிகம். அதைவிடச் சற்று உள்ளே வைத்த மூலம் இழப்பை அதிகம் குறைக்கும்.

எல்லாக் கணுக்களுக்கும் மின்தடை கணக்கிடுவது பெரிய வலையமைப்பில் சுமை. கணுக்களுக்கு +1, −1 என்று ரேண்டமாக எண்களைக் கொடுத்துச் சமன்பாட்டைச் சில டஜன் முறை தீர்த்து, ஒவ்வொரு கணுவின் விடையையும் அதற்குக் கொடுத்த எண்ணால் பெருக்கிச் சராசரி எடுத்தால் தோராயமான மின்தடைகள் கிடைத்துவிடும். வரிசையில் முன்னால் நிற்கும் இருபது கணுக்களுக்கு மட்டும் துல்லியமாகத் தீர்த்தால் போதும். இன்னொரு வசதி: மூலங்கள் அழுத்தத்தைப் பூஜ்யத்தில் பிடித்து வைப்பதால், மூலமில்லாக் கணுக்களின் தொகுதிகள் ஒன்றையொன்று பாதிக்காது. ஒரு கணுவை மாற்றினால் அதைத் தொடும் தொகுதிகளை மட்டும் மறுபடி தீர்த்தால் போதும்.

இனி நிறுவுசெலவு. எந்தக் கணுவுக்கும் 3 இணைப்புகள் உள்ள வலையமைப்பில், நிறுவுசெலவு 1/6-க்குக் கீழே இருந்தால் எல்லாக் கணுவிலும் மூலம் வைப்பதே மலிவு. சுற்றிலும் மூலங்கள் சூழ்ந்த ஒற்றைக் கணுவின் இழப்பே 1/6 ஆகிவிடுகிறது. 1/6-க்கும் 1/3-க்கும் நடுவில் மூலமில்லாக் கணுக்கள் தனித்தனியாக மட்டும் இருக்கலாம். இரண்டு பக்கத்துப் பக்கத்தில் வந்தால் நட்டம். 1/3-ஐத் தாண்டினால்தான் ஜோடிகள் தோன்றும், செலவு ஏற ஏறப் பெரிய தொகுதிகள். இந்த எல்லைகள் மேலே உள்ள சூத்திரத்திலிருந்தே வருகின்றன, தோராயம் எதுவும் இல்லை.

பொதுவாக, ஒரு கணு மூலமில்லாமல் இருக்கத் தொடங்கும் எல்லை 1-ஐ அதன் இணைப்பு எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்தால் வரும். அதாவது மூலம் மலிவாக இருக்கும்போது, அதிக இணைப்புள்ள மையக் கணுதான் முதலில் மூலத்தை விடவேண்டும். மையத்தில் மூலம் வை என்ற வழக்கமான அறிவுரை இங்கே தலைகீழ். நடுவில் ஒரு மையம், அதிலிருந்து 10 இலைக் கணுக்கள் கொண்ட ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவுசெலவு 0.05-க்குக் கீழே: எல்லாரும் மூலம். 0.05 முதல் 0.55 வரை: பத்து இலைகளிலும் மூலம், மையத்தில் இல்லை. 0.55-ஐத் தாண்டிய அந்தக் கணமே மையத்தில் மட்டும் ஒரு மூலம், இலைகளில் எதுவும் இல்லை. பத்திலிருந்து ஒன்றுக்கு ஒரே தாவல், இடையில் எந்தப் படியும் கிடையாது. மூலங்களை ஒவ்வொன்றாகக் கூட்டியோ குறைத்தோ போகும் எந்த முறையும் இந்தத் தாவலின் ஒரு பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். இயற்பியல் முறைகள் தேவைப்படுவது இதனால்தான்.

கிட்டத்தட்டச் சமமான தீர்வுகள் பல இருந்து தேடல் சிக்கிக்கொள்ளும் கண்ணாடி நிலை எங்கே வருகிறது என்று இப்போது பார்க்கலாம். 3 இணைப்பு ரேண்டம் வலையமைப்பு, நிறுவுசெலவு 0.25. மூலமில்லாக் கணுக்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. அப்படிப்பட்ட கணு ஒவ்வொன்றும் 1/12 மிச்சம் தரும். ஆகவே கேள்வி, ஒன்றையொன்று தொடாத கணுக்களின் மிகப் பெரிய கூட்டத்தைக் கண்டுபிடிப்பதாக மாறிவிடுகிறது. கணிதத்தில் கடினத்துக்குப் பெயர்போன பிரச்சினைகளில் ஒன்று இது. கணுக்களை ரேண்டம் வரிசையில் எடுத்துத் தொடாதவற்றைச் சேர்த்துக்கொண்டே போனால் 37.5 சதவீதம் வரும். மிச்சமிருக்கும் இணைப்பு குறைந்த கணுவை முதலில் எடுத்து, அதன் பக்கத்தாரை மூலமாக்கி, மறுபடி குறைந்ததைத் தேடிப் போனால் 43.28 சதவீதம். உச்சம் 45.54 சதவீதத்தைத் தாண்டாது என்பது 1987-இல் மெக்கே நிறுவியது.

பத்தாயிரம் கணுவுக்கு இதைச் செலவாக்கிப் பாருங்கள். எல்லாம் மூலம் என்றால் 2,500. ரேண்டம் வரிசை 2,187.5-க்குக் கொண்டுவரும். குறைந்த இணைப்பு முறை சுமார் 2,139. எட்டவே முடியாத அடிமட்டம் சுமார் 2,120. கவனமான கிரீடி முறைக்கும் அடிமட்டத்துக்கும் இடைவெளி ஒரு சதவீதத்துக்கும் கீழே! மூல எண்ணிக்கையில் பார்த்தால் 5,672-க்கும் 5,446-க்கும் இடையே அதிகபட்சம் 226 மூலங்கள். அந்த 226 எவ்வளவு மதிப்புள்ளவை என்று முதலில் கேளுங்கள். கம்பி ஏற்கெனவே இருக்கும் ஊருக்குள் மலிவான மூலப் பெட்டி வைப்பதானால் கிரீடியோடு நிறுத்தலாம். ஒவ்வொன்றும் கோடி ரூபாய் என்றால் மேலே போகத்தான் வேண்டும்.

மேலே போகும் வழி கேவிட்டி முறை. ஒவ்வொரு இணைப்பிலும் இரு திசைக்கும் ஒரு செய்தி. அந்தச் செய்தி ஒரு எண்ணாக இருக்காது, சார்பாக இருக்கும்: "நான் உனக்கு இவ்வளவு ஓட்டம் தந்தால், என் பக்கத்து மரம் முழுவதற்கும் ஆகும் குறைந்தபட்சச் செலவு இவ்வளவு." இரண்டு கணக்குகளில் சிறியதை எடுக்க வேண்டும். கணு மூலமானால், நிறுவுசெலவோடு மற்றப் பக்கத்தார் ஒவ்வொருவரின் தனித்தனிச் சிறந்த செலவை, அந்தக் கம்பியின் இழப்போடு சேர்த்து, கூட்ட வேண்டும். நீங்கள் எவ்வளவு கேட்டாலும் இது மாறாது. மூலமில்லாவிட்டால், மற்றப் பக்கத்தாரிடமிருந்து வரும் ஓட்டங்களின் கூட்டுத்தொகை, தான் தருவதோடு 1-ஐச் சேர்த்த அளவுக்குச் சமமாக இருக்க, அவர்களின் செலவும் கம்பி இழப்பும் சேர்ந்து மிகக் குறைய வேண்டும். வேறு யாரும் இல்லாத இலைக் கணுவின் செய்தியைப் பாருங்கள்: ஓட்டம் −1 ஆக இருந்தால் 0, வேறு எந்த மதிப்புக்கும் நிறுவுசெலவு. சமதளத்தில் ஒரே ஒரு பள்ளம். இதனால்தான் சார்பின் முதல், இரண்டாம் வகைக்கெழுக்களை மட்டும் கடத்தும் சுருக்கு வழி இங்கே வேலை செய்யாது. வோங், சாட் இருவரும் 2007-இல் வள ஒதுக்கீட்டுக்கு அதை வெற்றியோடு பயன்படுத்தினார்கள். அங்கே செலவு ஒரே பள்ளமாகச் சீராக வளைவது. இங்கே மூலம் வைக்கலாம் என்ற வாய்ப்பே அந்த வளைவைக் கெடுத்துவிடுகிறது.

நடைமுறையில் சார்பைக் கட்டங்களாக வெட்டிச் சேமிப்பதே பாதுகாப்பு. −2 முதல் 2 வரை, 1/12 இடைவெளியில் 49 புள்ளிகள். 0.1 என்று வைத்தால் 1/3 கிடைக்காது, எல்லைக்கு அருகில் தவறான நிலை வெல்லும். 1/12 வைத்தால் 1/2, 1/3, 1/4 எல்லாம் சரியாக விழும். 3 இணைப்பு வலையமைப்பில் ஒரு செய்திக்கு 49 × 49 = 2,401 ஒப்பீடுகள், பத்தாயிரம் கணுவுக்கு 30,000 செய்திகள், ஆக ஒரு சுற்றுக்கு சுமார் 7.2 கோடி ஒப்பீடுகள். சாதாரண மடிக்கணினி தாங்கும். இணைப்பு நிறைய உள்ள மையக் கணுவில் ஒவ்வொரு செய்தியையும் தனியாகக் கட்டாமல், முன்னிருந்தும் பின்னிருந்தும் பகுதி விடைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால் வேலை பல மடங்கு குறையும். முடிந்ததும் உகந்த ஓட்டம் எங்காவது −2 அல்லது 2-இல் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எல்லையை விரிக்க வேண்டும்.

கெடும் இடங்கள் தெரிந்தவைதான். ஒவ்வொரு செய்தியிலிருந்தும் அதன் சிறும மதிப்பைக் கழிக்காவிட்டால் எண்கள் சுற்றுக்குச் சுற்று ஊதிக்கொண்டே போகும். எல்லாச் செய்திகளையும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே நேரத்தில் புதுப்பித்தால், முதல் சுற்றில் எல்லாரும் "நான் மூலமில்லை" என்பார்கள், அடுத்த சுற்றில் எல்லாரும் "நான் மூலம்" என்பார்கள், இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். கணுக்களை ரேண்டம் வரிசையில் புதுப்பியுங்கள். பழையதும் புதியதும் பாதிப் பாதி கலவுங்கள். சமமான தீர்வுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாதபடி நிறுவுசெலவில் ஆயிரத்தில் ஒரு பங்கு ரேண்டம் வேறுபாட்டைக் கணுவுக்குக் கணு சேருங்கள்.

இவ்வளவும் செய்தும் செய்திகள் நிலைக்காமல் அலைந்தால், பெரும்பாலும் தவறு நிரலில் இல்லை. மூலங்கள் குறையும்போது கண்ணாடி நிலைமாற்றம் வருகிறது என்பதே யுங், வோங் கண்டது. கிட்டத்தட்ட ஒரே செலவில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்ணற்ற தீர்வுக் கொத்துகள் இருக்கும்; ஒரு செய்தி எல்லாக் கொத்துகளுக்கும் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு முனையிலாவது மூலம் வேண்டும் என்ற நெருங்கிய பிரச்சினையில், ரேண்டம் வலையமைப்பின் சராசரி இணைப்பு 2.718-ஐத் தாண்டியதும் எளிய கணக்கு உடைவதை வைக்ட், ஹார்ட்மன் இருவரும் 2000-இல் காட்டினார்கள். அதன் பிறகு செய்திகளின் நிகழ்தகவுப் பரவலையே கடத்த வேண்டும். சார்புகளின் பரவல் என்றால் கைமீறிப்போகும் கணக்கு. ஒற்றைக் கணுக்களும் ஜோடிகளும் மட்டும் வரும் பகுதிகளில் செய்திகள் சில வடிவங்களுக்குள் அடங்கிவிடுகின்றன, ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு நிகழ்தகவை வைத்தால் போதும் என்று காட்டியதுதான் அந்த 2010 கட்டுரையின் அழகான பகுதி.

உங்கள் வலையமைப்பு கண்ணாடி நிலையில் இருக்கிறதா என்று அறியக் கோட்பாடு தேவையில்லை. இருபது வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டுங்கள். செலவுகள் நெருங்கியிருந்து, மூலமுள்ள கணுக்கள் முறைக்கு முறை மாறினால் அந்த நிலைதான். இரண்டு தீர்வுகளின் ஒற்றுமையை அளக்கும்போது தற்செயலாக வரும் ஒற்றுமையைக் கழிக்க மறக்கவேண்டாம்: பாதிக்கு மேல் கணுக்கள் மூலமாக இருக்கும்போது, சம்பந்தமில்லாத இரண்டு தீர்வுகளும் பாதி இடங்களிலாவது ஒத்துப்போகும். இந்த நிலையில் ஒரு நன்மையும் உண்டு. நிலம் கிடைப்பது, சாலை வசதி, வெள்ளம் வராத மேடு என்று செலவுக் கணக்கில் வராத காரணங்களை வைத்து, ஏறக்குறைய சமமான தீர்வுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஒரு "உகந்த வரைபடத்தை" மட்டும் கொடுப்பவர் இந்த வசதியை உங்களிடமிருந்து மறைத்துவிடுகிறார்.

தீர்வை முடிக்கும் வழி இது. செய்திகளிலிருந்து மிக உறுதியாக ஒரு பக்கம் சாயும் ஒரு சதவீதக் கணுக்களை முடிவாக்குங்கள், மீதியை மறுபடி ஓட்டுங்கள், எல்லாக் கணுவும் முடியும்வரை. பிறகு அனீலிங்: மூலத்தைப் பக்கத்துக் கணுவுக்கு நகர்த்துவது, ஒரு மூலத்தை வைப்பது, ஒன்றை எடுப்பது. நிறுவுசெலவு 0.25 உதாரணத்தில் செலவுப் படிகள் 0.083 அளவில் இருப்பதால் வெப்பநிலையை 0.1-இல் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் 0.99-ஆல் பெருக்கி, 0.005 வரை இறக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்வதே நல்லது. அனீலிங் மட்டும் என்றால் நீண்ட நேரம் எடுக்கும், செய்திகள் மட்டும் என்றால் கடைசிச் சில கணுக்களில் அபத்தமான முடிவுகள் மிஞ்சும்.

உண்மையான மின்கட்டமைப்புக்கு வரும்போது இரண்டு விஷயங்கள் மாறும். முதலாவது, குறுகிய சுழல்கள். சோதனைக்குப் பலரும் எடுக்கும் ஐஈஈஈ 118 கணு வலையமைப்பில் 186 இணைப்புகள், கணுவுக்குச் சராசரி மூன்றுக்குச் சற்று மேல்; முக்கோணங்களும் இருக்கின்றன. கேவிட்டி முறை பக்கத்தார் ஒருவரையொருவர் பாதிக்கவில்லை என்று கொள்கிறது. முக்கோணத்தில் அதே செய்தி சுற்றிவந்து இரட்டிப்பாக எண்ணப்படும். அப்போது செய்திகளிலிருந்து கூட்டிய மொத்தச் செலவு உண்மைக்கு மேலும் போகலாம், கீழும் போகலாம். எனவே அறிக்கையில் எழுதும் செலவு எப்போதும் நேரியல் சமன்பாட்டைத் தீர்த்து வந்ததாகவே இருக்கட்டும். இரண்டாவது, கம்பிகளின் தடை வேறுபடும், தேவையும் கணுவுக்குக் கணு வேறுபடும். இணைப்பு எண்ணிக்கைக்குப் பதில் கடத்துதிறன்களின் (1 ÷ தடை) கூட்டுத்தொகையையும், 1-க்குப் பதில் அந்தக் கணுவின் தேவையையும் போட்டால், பயன் சூத்திரம் அப்படியே நிற்கும். இழப்புக்கு மட்டும் ஒவ்வொரு அழுத்தத்தையும் அந்தக் கணுவின் தேவையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கம்பிக்கு உச்சவரம்பு இருந்தால் சூத்திரம் நிற்காது. ஆனால் கட்டங்களாக வெட்டிய செய்தியில் அந்த எல்லைக்கு அப்பால் முடிவிலியை எழுதினால் முடிந்தது; சார்பைச் சுமப்பதன் பலன் இங்கே தெரியும்.

குடிநீர்க் குழாய்களுக்கு இதை அப்படியே எடுத்துப் போகக்கூடாது. ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரப்படி குழாயில் அழுத்த இழப்பு ஓட்டத்தின் 1.852 அடுக்கில் ஏறும். ஓட்டம் இரட்டித்தால் அழுத்த இழப்பு 3.6 மடங்கு, வீணாகும் திறன் 7.2 மடங்கு, மின்கம்பியில் இது 4 மடங்குதான். சமன்பாடு நேரியலாக இராது, ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் விடையைத் திரும்பத் திரும்பத் திருத்தும் நியூட்டன் முறையில் சில சுற்றுகள் தேவைப்படும். பயன் சூத்திரத்தை அப்போது கணுக்களை வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்தலாம், மிச்சமாகும் தொகையைச் சொல்ல அல்ல. கேவிட்டிச் செய்திகளில் மாற வேண்டியது கம்பி இழப்பு என்ற ஒரே உறுப்பு: ஓட்டத்தின் வர்க்கத்துக்குப் பதில், ஓட்டத்தின் அளவை 2.852 அடுக்குக்கு உயர்த்தி எழுத வேண்டும்.